எந்தச் சங்கமும் நடாத குச்சிகள்

முதல் நாள் அவற்றைப் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. எதற்கும் முதலில் கோபப்பட்டுவிட்டு, விஷயம் என்ன என்பதைப் பிறகு விசாரிக்கிற ஆள் நான். அந்த வயதில் அது இன்னும் அதிகம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலைப்பொழுது. மலேசியாவில் கோலா சிலாங்கூருக்கும் ஈஜோக்குக்கும் இடையில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துச் சுடுகாட்டில் நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் நாங்கள் நட்ட குச்சிகள் அப்படியே இருந்தன. மேல் பிரிவுக் கோயிலுக்குச் சிவப்புத் துணி, கீழ்ப் பிரிவுக் கோயிலுக்கு மஞ்சள், தொழிற்சங்கக் கிளைக்கு நீலம், எங்கள் இளைஞர் மன்றத்துக்குப் பச்சை. எந்தக் குழி எந்த அமைப்பைச் சேர்ந்த குடும்பத்தினுடையதோ, அந்த அமைப்பின் நிறத்தில் அங்கே ஒரு குச்சி. ஆனால் கிழக்கு ஓரத்தில், மழைத்தண்ணீர் ஓடுகிற லோங்கானை ஒட்டி, வெள்ளைத் துணி கட்டிய குச்சிகள் முப்பதுக்குமேல் நின்றன. வெள்ளையை நாங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த ஓரத்தில் குழிகள் இருப்பதாக யாரும் சொல்லவும் இல்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகம் ரப்பரை அழித்துவிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட முடிவெடுத்திருந்தது. பழைய சுடுகாடும் அதோடு போகும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். நாங்கள் போய் முறையிட்டதற்குத் துரை ஒரு நிபந்தனை வைத்தார். புதைக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல் வேண்டும். தோட்டத்து அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே பட்டியலாகக் கொடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருக்கிற குழிகளைச் சுற்றி வேலி போட்டு விட்டுவிடுவார்களாம். இரண்டு பட்டியல் வந்தாலோ, எண்ணிக்கையில் தகராறு வந்தாலோ பேச்சு முடிந்தது, புல்டோசர் வரும். எங்கள் ஆட்கள் ஒருநாளும் ஒன்றுசேரமாட்டார்கள் என்ற தைரியத்தில் வைத்த நிபந்தனை அது. அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு எங்களை நன்றாகவே தெரிந்திருந்தது.

என் அப்பா அங்கேதான் இருக்கிறார். எனக்கு ஒன்பது வயதில் காய்ச்சலில் போனவர். அவர்மேல் செம்பனை வேர் இறங்க விடுவதில்லை என்று இருந்தேன். பிற்பாடு சில மேடைகளில் ஊருக்காக உழைத்தேன் என்று பேசியிருக்கிறேன். அதெல்லாம் சும்மா. அப்பாவுக்காகத்தான் உழைத்தேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியன், கையெழுத்து அழகாக இருக்கும், சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிளும் இருந்தது. கூட்டுக்குழுவுக்குச் செயலாளராக வேறென்ன தகுதி வேண்டும்?

நான்கு அமைப்புகளைக் கூட்டுவது என்பது நான்கு பூனைகளை ஒரே கூடையில் வைப்பது மாதிரி. மேல் பிரிவுக் கோயில் தலைவரும் கீழ்ப் பிரிவுக் கோயில் தலைவரும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. திருவிழாவில் ரதம் முதலில் யார் வாசலில் நிற்பது என்று ஆரம்பித்த சண்டை. இவர் கோயில் மண்டபத்தில் அவர் கால் வைக்கமாட்டார், அவர் மண்டபத்தில் இவர் வைக்கமாட்டார். கடைசியில் கோலா சிலாங்கூர் டவுனில், கடலோர ஊரிலிருந்து வந்து சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவரிடம் போய் நின்றேன். எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். கடையின் மாடியைக் கூட்டத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல், தங்கள் வணிகர் சங்கத்தையும் ஐந்தாவது அமைப்பாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவர்கள் ஆட்கள் ஒருவரும் அங்கே புதைக்கப்படவில்லை. தோட்டத்துச் சம்பள நாள் இல்லாவிட்டால் தங்களுக்குக் கடையே இருந்திருக்காது, அதற்கு ஒரு முத்திரை குத்தினால் கை தேய்ந்துவிடாது என்றார்.

முதல் இரண்டு கூட்டங்களில் மேல் பிரிவுத் தலைவர் மாடியிலும் கீழ்ப் பிரிவுத் தலைவர் கீழே கல்லாவுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். நான் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கினேன். மூன்றாவது கூட்டத்தில் இருவரும் மாடியில், ஆனால் தனித்தனி மேசையில். ஒரே மேசைக்கு வர நானா நடுவில் உட்கார வேண்டியிருந்தது. கடிதத் தாளின் தலைப்பில் யார் பெயர் முதலில் வருவது என்ற பிரச்சினையில் ஒரு மாதம் போனது. ஐந்து பெயர்களையும் வட்டமாக அச்சடித்துத் தப்பித்தேன். அந்த வட்டத்தில் எது மேலே வருகிறது என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு கடிதம் வெளியே போக ஐந்து முத்திரைகள் வேண்டும், ஐந்து முத்திரைக்கு ஒரு வாரம் சுற்ற வேண்டும். இப்படி எட்டு மாதம் சுற்றித்தான் பட்டியல் தயாரானது. அதில் என் அப்பா பெயர் நாற்பத்தொன்றாவது.

வேலிக்கு அளவெடுக்க நில அளவைக்காரர் வர ஒரு வாரம் இருந்தபோது, பட்டியலைப் பார்த்துக் குழிக்குக் குழி குச்சி நட்டோம். அந்த நிலையில்தான் வெள்ளைக் குச்சிகள் முளைத்தன.

அன்று சாயங்காலமே நானா கடை மாடியில் அவசரக் கூட்டம். கீழ்ப் பிரிவுத் தலைவர், தங்கள் பங்கைக் கூட்டிக்காட்ட மேல் பிரிவுக்காரர்கள் செய்த வேலை என்றார். மேல் பிரிவுத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். தொழிற்சங்கக்காரர் இது நிர்வாகத்தின் சூழ்ச்சி, எண்ணிக்கையில் தகராறு கிளப்பத்தான் செய்திருக்கிறார்கள் என்றார். எட்டு மாத உழைப்பு என் கண்முன்னே உடையப் பார்த்தது. நான்தான் வழி சொன்னேன். பட்டியலில் இல்லாத குச்சி எதுவானாலும் பிடுங்கிவிடுவது, யார் நட்டது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். எவ்வளவு சாமர்த்தியமான தீர்மானம் என்று வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளி விட்டதும் போய் எல்லாவற்றையும் பிடுங்கிச் சாக்கில் போட்டேன். துணிகள் பழையவை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட வேட்டித் துணிகள். புதிதாகப் பிறந்த பிள்ளையைச் சுற்றி வைக்க அப்படிப்பட்ட துணியைத்தான் எடுப்பார்கள். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

அதற்கு அடுத்த காலை அவை திரும்பவும் நின்றன. அதே ஓட்டைகளில், அதே இடைவெளியில்.

சுடுகாட்டுக்குப் போகும் வழியில் இரவுக் காவல் பார்க்கிற ஜாகாக்காரரின் குடிசை. அவர் இரவெல்லாம் விழித்திருந்ததாகவும் ஒரு ஈ காக்காய் வரவில்லை என்றும் சாமிமேல் சத்தியம் செய்தார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பவும் பிடுங்கினேன். மூன்றாம் நாள் திரும்பவும் நின்றன, ஐந்தாறு கூடுதலாக. இரவில் மழை பெய்திருந்ததால் லோங்கான் ஓரத்து மண் களியாக இருந்தது. அதில் காலடிகள் தெரிந்தன. எல்லாம் வெறுங்கால். எல்லாம் சின்னக் கால். என் பாதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், மூன்று விரற்கடை குறைந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கால் அவ்வளவுதான் இருக்கும். காலடிகள் குச்சிக்குக் குச்சி போயிருந்தன. ஒவ்வொரு குச்சிக்கு முன்னாலும் இரண்டு பாதமும் சேர்ந்து ஆழமாகப் பதிந்திருந்தன, நீண்ட நேரம் நின்றது மாதிரி. வெயில் ஏறியிருந்த நேரம்தான். ஆனாலும் அந்தத் தடங்களில் கால் படாமல் விலகி நின்றேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

விஷயம் தொழிலாளர் குடியிருக்கிற லயம் முழுக்கப் பரவிவிட்டது. கணக்கில் விட்டுப்போனவர்கள் வந்து இடம் கேட்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பக்கத்துக் குறுக்குவழியை விட்டுவிட்டுச் சுற்றுப்பாதையில் வர ஆரம்பித்தார்கள். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் என்னிடம் தனியாக வந்து, ஒரு பூசை போட்டுவிடலாம் என்றார். எந்தக் கோயில் பூசாரியைக் கூப்பிடுவது என்பதில் மறுபடி சண்டை வரும் என்பதால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குள்ளும் பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம், நில அளவைக்காரர் வருகிற நாளில் பட்டியலில் ஓர் எண்ணும் தரையில் ஓர் எண்ணும் இருந்து, அப்பா போய்விடுவார் என்பது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் பிடுங்கினேன். தினமும் அவை திரும்ப வந்தன.

மனிதர் வேலையாக இருந்தால் ஆண்கள் வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் தோட்டத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகமாட்டார்கள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அம்மா லயத்து வாசலோடு நின்றுவிட்டார். அதற்குப் பிறகும் போனதில்லை. அப்பா எந்த வரிசையில் இருக்கிறார் என்பதை நான் வாயால் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஆண்கள் எல்லாரையும் ஒருவர் விடாமல் சந்தேகப்பட்டோம். சின்னக் காலடிக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் பேய் என்ற பேச்சு நிலைத்தது.

அந்த வாரம் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, குளித்து, சோற்றை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுவார். ஒருநாள் மட்டும், ஓரத்தில் உள்ளதையெல்லாம் பிடுங்கிவிட்டாயா என்று கேட்டார். ஒன்று விடாமல் என்று பெருமையாகச் சொன்னேன். “ம்” என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அளவைக்காரர் ஒன்பது மணிக்கு வருவதாக ஏற்பாடு. அன்று விடிந்தும் விடியாத நேரத்தில் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் வருவதற்குள் கடைசியாக ஒரு தடவை பிடுங்கிவிட வேண்டும். ரப்பர்க் காட்டு வழியாகத்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் அங்கே எப்போதும் சத்தம் இருக்கும். தலைவிளக்குகள் மரத்துக்கு மரம் நகரும், உளி சீவும் சத்தம், பால் பிடிக்கிற மங்கு கவிழ்க்கும் சத்தம், யாராவது யாரையாவது கூப்பிடுவார்கள். அன்று ஒன்றுமே இல்லை. மரங்களில் வெட்டு விழவில்லை. பாதை ஓரத்தில் பால் வாளிகள் வரிசையாக இறக்கி வைக்கப்பட்டிருந்தன, பக்கத்தில் ஆள் இல்லை. ஒரு வாளியின்மேல் உளி குறுக்காகக் கிடந்தது. அத்தனை பேரும் வாளியை வைத்துவிட்டு எங்கே போனார்கள்? என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

காடு முடிகிற இடத்தில் பனி தரையோடு படிந்திருந்தது. பனிக்குள் ஆட்கள் நின்றார்கள். லோங்கான் ஓரம் நெடுக, ஒரு குச்சிக்கு ஓர் ஆள். முழங்காலுக்குக் கீழே தெரியவில்லை. தலையில் துணி சுற்றியிருந்தது. யாரும் அசையவில்லை, எல்லா முகமும் என் பக்கம். என் கையிலிருந்து செருப்பு விழுந்தது. மண்டோர் சொன்ன பூசையைப் போட்டிருக்கலாம் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

வெளிச்சம் கொஞ்சம் ஏறியதும்தான் முகங்கள் தெரிந்தன. தொழிற்சங்கக்காரரின் அக்கா. ஜாகாக்காரரின் மனைவி. மேல் பிரிவுத் தலைவரின் மனைவி. அவருக்குத் தோள் உரசுகிற தூரத்தில் கீழ்ப் பிரிவுத் தலைவரின் மனைவி. எல்லாரும் மரம் வெட்டுகிற பெண்கள். இந்த இரண்டு வீட்டுக்காரர்களையும் ஒரு மேசையில் உட்கார வைக்க எனக்கு எட்டு மாதமும் நானாவும் தேவைப்பட்டது. இவர்களுக்குப் பால் நிறுக்கிற வரிசையில் நிற்கும் நேரம் போதுமாக இருந்திருக்கிறது. தலைவர் இல்லை, தீர்மானம் இல்லை, வட்டமாக அச்சடித்த தாள் இல்லை.

ஏழாவதோ எட்டாவதோ குச்சிக்குப் பக்கத்தில் அம்மா நின்றார்.

“இது யாரும்மா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்டது.

“உனக்கு மூத்தவன்” என்றார் அம்மா. “பதினோரு நாளு இருந்தான். பேரு வக்கல. உங்கப்பாதான் துணியில சுத்திக் கொண்டாந்து இங்க வச்சாரு. என் நிரையில கடைசி மரத்துல நின்னா இந்த எடம் தெரியும். அதான் நான் வேற நிரை கேக்கல.”

அவரவருக்கு ஒதுக்கிய மர வரிசையைத்தான் நிரை என்போம். அந்த ஓரத்து நிரைகள் மேடும் பள்ளமுமாக, பால் குறைவாக வருகிறவை. அங்கே வெட்டுகிற பெண்கள் மட்டும் வருடக்கணக்காக நிரை மாற்றிக்கொள்ள ஒத்துக்கொள்ளாததை மண்டோர் ஒரு வேடிக்கையாக எங்களிடம் சொல்லியிருக்கிறார். நாங்களும் சிரித்திருக்கிறோம். பேர் வைப்பதற்கு முன்னால் போகிற பிள்ளைக்குக் கருமாதி கிடையாது. கருமாதி இல்லாததால் எந்தக் கோயிலின் கணக்கிலும் அந்தக் குழி கிடையாது. அப்படிப் போன பிள்ளைகளையெல்லாம் வரிசைக்குள் விடாமல் ஓரத்தில் புதைத்துவிட்டு, ஆண்கள் மறந்துவிட்டார்கள். பட்டியலுக்காக வீடு வீடாகப் போய்க் கேட்டபோது நான் ஆண்களிடம்தான் கேட்டேன். என் வீட்டில் கேட்கவே இல்லை, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அம்மா என் கையிலிருந்த சாக்கைப் பார்த்தார்.

“உங்கப்பாவுக்கு வேலி போட்டுட்டு இவன வெளிய விட்டுருவியாப்பா?”

நான் அழுதுவிட்டேன். அத்தனை பெண்கள் முன்னால் ஒரு வாத்தியார் அழுவது அழகில்லைதான். சாக்கை லோங்கானில் எறிந்தேன்.

ஒன்பது மணிக்கு அளவைக்காரரும் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியும் வந்தார்கள். பின்னாலேயே ஐந்து அமைப்பின் தலைவர்களும். மேல் பிரிவுத் தலைவர் தன் மனைவியைச் சுடுகாட்டில் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கீழ்ப் பிரிவுத் தலைவரும் அப்படியே. அளவைக்காரர் மலாய் இளைஞர், எல்லாரையும் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். கிராணிதான் பேசினார். பெயரும் ஐந்து முத்திரையும் இருந்தால் குழி, இல்லாவிட்டால் வெறும் தரை, துரை தனக்குச் சொல்லி அனுப்பியது அவ்வளவுதான் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. பெயர் வைக்காத பிள்ளைகளுக்குப் பெயருக்கு எங்கே போவது? ஐந்து முத்திரையும் விழாமல் எண்ணிக்கையை மாற்றினால் பேச்சு முறிந்துவிடும். மாற்றாவிட்டால் இவர்களைத் தாண்டித்தான் வேலி போட வேண்டும். செயலாளர் நான்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“எங்க பேர எழுதிக்கிங்க” என்றார் அம்மா.

உயிரோடு இருப்பவர்கள் பெயரைச் சாவுப் பட்டியலில் எழுதுவதா, குடும்பம் விளங்குமா என்று மேல் பிரிவுத் தலைவர் பதறினார். கீழ்ப் பிரிவுத் தலைவர் அவர் சொல்வது சரி என்றார். ஆறு வருடத்தில் நடுவில் யாரும் உட்காராமல் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். இருவரின் மனைவிமாரும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அந்தப் பெண்களின் வரிசை முழுவதும் அப்படியே நின்றது. வெயில் ஏறிக்கொண்டே போனது. அவர்கள் உயிரோடு நின்றுகொண்டே, தங்களை இந்த மண்ணுக்குக் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

நானாதான் முதலில் அசைந்தார். ஜிப்பாப் பையிலிருந்து முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்து, மண்ணில் குந்தி உட்கார்ந்து, தன் முழங்காலையே மேசையாக்கிக்கொண்டார். “வாத்தியார் தம்பி, எழுதுங்க. நான் குத்துறேன்” என்றார். அடுத்துத் தொழிற்சங்கக்காரர் வந்தார். மன்றத்து முத்திரை என்னிடமே இருந்தது. இரண்டு கோயில் தலைவர்களும் கடைசியில் வந்தார்கள், பக்கத்தில் பக்கத்தில் குந்தினார்கள், யார் முதலில் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கிராணி அந்தத் தாளை வாங்கிக்கொண்டார், வேலி லோங்கான் வரை வந்தது. அதற்குப் பிறகும் எங்கள் கூட்டுக்குழு பல வருடம் இருந்தது. சண்டையும் இருந்தது. ஆனால் எந்தப் பட்டியலையும் பால் நிறுக்கிற வரிசையில் ஒருமுறை வாசித்துக் காட்டாமல் முத்திரை குத்துவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

பழைய பட்டியலின் அடியில் புதுத் தாளைச் சேர்த்து, அம்மாவிடமிருந்து ஆரம்பித்தேன். மூன்று கட்டங்கள்: எண், பெயர், இறந்த ஆண்டு. எண்ணைப் போட்டேன். பெயர்க் கட்டத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன். என் பிறப்புப் பத்திரத்தில் படித்திருக்கிறேன், அந்தப் பெயரை நான் எழுதியதே இல்லை. மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. எந்த வருடம் என்று கேட்டேன். அம்மாவுக்கு ஆண்டுக் கணக்குத் தெரியாது.

“நீ பொறக்கறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி” என்றார்.

அந்த ஆண்டிலிருந்து என் வயதைக் கழித்து, இரண்டைக் கழித்து, எழுதினேன். அந்தப் பட்டியல்படி நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே என் அம்மா இறந்து, லோங்கான் ஓரத்தில் புதைக்கப்பட்டுவிட்டார். நானா அதன்மேல் முத்திரையை அழுத்தினார். அம்மா குனிந்து தாளைப் பார்த்தார், அவருக்குப் படிக்கத் தெரியாது.

“என்ன எழுதியிருக்க, வாசி” என்றார்.

எதிரே நிற்கிறவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே எண்ணையும் பெயரையும் இறந்த ஆண்டையும் வாசித்தேன்.